சாமையும் சாமியும்

கொல்லிமலையிலே குண்டூர் நாடு என்று ஓர் இடம் இருக்கிறது. நாடு என்றதும் கோட்டை கொத்தளங்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மலையில் பதினான்கு ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் நாடு என்றே பெயர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், மிளகுக் கொடியும் பலா மரமும் மரவள்ளித் தோட்டமுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான பூமி. அங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள் கொள்ளுங்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பேசுவது தமிழ்தான்.

சென்ற வருஷம் இந்தக் குண்டூர் நாட்டைப் பற்றி ஒரு விசித்திரமான செய்தி என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அங்கே பெருஞ்சாமி, மல்லியச்சாமி, திரிகுலச்சாமி என்று மூன்று தெய்வங்கள் இருந்தனவாம். குடும்பத்துக்கு ஒரு சாமி என்று வைத்துக் காப்பாற்றி வந்தார்களாம். இருபது இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் ஜனங்கள் அந்தச் சாமிகளை அடியோடு கைவிட்டுவிட்டு மரவள்ளிக் கிழங்குக்கு மாறிவிட்டார்களாம்!

செய்தியைக் கொண்டுவந்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவர். நல்ல பிள்ளை, உழைப்பாளி. மலைக்குப் போய் ஒரு பெரியவரை இரண்டு மணி நேரம் பேச வைத்து, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, பேச்சைத் தானாகவே எழுத்தாக்கித் தரும் கணினிக் கருவி ஒன்றிடம் கொடுத்து, நாற்பது பக்கம் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். தெய்வ நம்பிக்கையின் தளர்ச்சி என்று அதை வைத்து ஓர் அத்தியாயமே எழுதி முடித்துவிட்டார்.

நான் கதை எழுதுகிறவன். உண்மையை ஒப்புக்கொள்கிறேன். படித்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. தெய்வத்தை விட்டுக் கிழங்கைப் பிடித்துக்கொண்ட ஓர் ஊர்! ஒரு நாவலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? முதல் அத்தியாயத்துக்குத் தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்.

இருபத்தேழாம் பக்கத்தில்தான் வினை வந்தது. 'திரிகுலச்சாமியைக் குத்திப் புடைத்து எடுப்பதற்குள் பொம்பளைகளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும்' என்று ஒரு வாக்கியம். சாமியைக் குத்துவார்களா? குத்தினாலும் முறத்தில் போட்டுப் புடைப்பார்களா?

மாணவரிடம் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினேன். காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதலில் காதில் விழுந்தது மழை. தகரக் கூரைமேல் கொல்லிமலை மழை எப்படிக் கொட்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அது அற்புதமான பதிவு. அடுத்து, எங்கோ ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அப்புறம் தேநீர் டம்ளர்கள் பெஞ்சின்மேல் வைக்கப்படும் ஓசை. கைப்பேசியும் அதே பெஞ்சில் கிடந்ததால் ஒவ்வொரு டம்ளரும் வெடி போல விழுகிறது. இடையிடையே நம்முடைய மாணவர், 'ம்... சரிங்க... ம்ம்' என்று பெரியவரின் ஒவ்வொரு சொல்லின் வாலையும் மிதித்துக்கொண்டே இருக்கிறார். இத்தனைக்கும் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, அந்தப் பெரியவரின் குரல்.

நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்ட பிறகு விஷயம் விளங்கிற்று. அவர் சொன்னது சாமி அல்ல, சாமை. இன்று நகரத்துக் கடைகளில் நீரிழிவுக்காரர்கள் பாக்கெட்டில் வாங்கிப் போகிறோமே, அந்தச் சாமை. பெருஞ்சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை என்பவை கொல்லிமலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த விதை வகைகள். பேச்சில் 'சாமய வுட்டோம்' என்பதற்கும் 'சாமிய வுட்டோம்' என்பதற்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் உயிரெழுத்து. மழை அந்த ஓர் உயிரைக் குடித்துவிட்டது.

கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு வந்தது கோபம். அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைக்கு எல்லாருடைய கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. பாட்டி வைத்தியம், தாலாட்டு, ஒப்பாரி, ஊர்க் கதை என்று பதிவு செய்யப் புறப்படாத ஆள் இல்லை. நல்ல காரியம்தான். ஆனால் பொத்தானை அமுக்கிவிட்டால் பதிவாகிவிட்டது என்று நினைக்கிறோமே, அங்கேதான் அநியாயம் ஆரம்பமாகிறது. எழுத்து தவறாக வந்தால் யாரைக் குறை சொல்கிறோம்? கருவியை. கருவி இல்லாத காலத்தில் தட்டச்சு செய்த பெண்ணை. பெஞ்சுமேல் கைப்பேசியை எறிந்துவிட்டுத் தேநீர் குடித்த நம்மை நாம் ஒருநாளும் குறை சொல்லிக்கொள்வதில்லை.

எழுத்தாக்கும் கருவிக்குக் காது கிடையாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு இருப்பது கணக்கு. லட்சக்கணக்கான மணி நேரப் பேச்சை விழுங்கி, எந்த ஓசைக்கு எந்தச் சொல் பெரும்பாலும் பொருந்தும், எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரும் என்று கற்றுக்கொண்ட கணக்கு அது. ஒலி தெளிவாக இருந்தால், சொன்னதை எழுதும். மங்கலாக இருந்தால், வழக்கமாகச் சொல்லப்படுவதை எழுதும். தமிழ் உலகத்தில் ஒரு நாளைக்குச் சாமி என்ற சொல் எத்தனை தடவை உச்சரிக்கப்படுகிறது, சாமை எத்தனை தடவை உச்சரிக்கப்படுகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். மங்கலான ஒலியில் எப்போதும் தேர்தலில் நிற்பது இரண்டு சொற்கள். ஜெயிப்பது பெரும்பான்மைச் சொல். அடையாற்றுக்காரரும் மயிலாப்பூர்க்காரரும் முணுமுணுத்தால்கூட அது ஒருவாறு சரியாக எழுதிவிடும், அவர்கள் சொற்கள் அதற்குப் பழக்கம். குண்டூர் நாட்டுப் பெரியவரின் சொற்கள் பழக்கமில்லை. அவருக்குத்தான் நல்ல ஒலிப்பதிவு அதிகமாக வேண்டும். அவருக்குத்தான் நாம் மட்டமான பதிவைச் செய்கிறோம்.

இன்னொரு விபரீதமும் உண்டு. 2022இல் வெளிவந்து உலகம் முழுவதும் பயன்படும் விஸ்பர் என்ற எழுத்தாக்கும் கருவியை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் பரிசோதித்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த ஆங்கில ஒலித் துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றில், பேசியவர் சொல்லவே சொல்லாத வாக்கியங்களைக் கருவி தானாகவே இட்டுக்கட்டி எழுதியிருந்ததாம். பேச்சில் மௌனம் அதிகமாக இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகமாம். மாணவர் பயன்படுத்திய கருவி எது என்பது இங்கே முக்கியமில்லை. ஆனால் வயதானவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும். நிறுத்தி, யோசித்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, மறுபடி தொடங்குவார்கள். அந்த மௌனத்தில் ஒரு பொய் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றால், அதைவிட அவமரியாதை உண்டா?

மாணவர் கொண்டுவந்த நாற்பது பக்கத்தில் என்னை மிகவும் உறுத்தியது வேறு ஒன்று. 'தெளிவில்லை' என்ற குறிப்பு ஒரே ஓர் இடத்தில்கூட இல்லை. அத்தனை மழை, அத்தனை டம்ளர், அப்படியும் நாற்பது பக்கமும் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. சுத்தமாக இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பும் பழக்கம் நமக்கு.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். செல்லரித்தது பாதி, பெயர்த்தெழுதியவர் கை சறுக்கியது மீதி. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது இந்தக் காட்டுக்குள்ளேதான் வழி கண்டுபிடித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது, பாடபேதங்களைக் காட்டுவது, சிதைந்துபோன அடிகளில் புள்ளியிட்டு வெற்றிடம் விடுவது என்பது அந்த மரபு. 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை என்றால், அந்த எண்களை அப்படியே காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். ரம்மியமாக இரண்டு பாட்டு எழுதி நிரப்பிவிடவில்லை. அந்தப் புத்தகத்திலேதான் இதே கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடியது இருக்கிறது. இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது. ஓர் ஏடு பெயர்ப்பவர் ஓரியின் பெயரில் கை தவறியிருந்தால், யாருக்குச் சிலை வைத்திருப்போமோ!

சாமிநாதையருக்கு ஏடு சிதைந்தே வந்து சேர்ந்தது. அவர் என்ன செய்வார்? நாமோ, பேசுகிறவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, நம் கையாலேயே செல்லரித்த ஏட்டைத் தயாரிக்கிறோம். இதற்குக் கரையானைக் குறை சொல்ல முடியாது.

இப்படிச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

'விஞ்ஞானம் வளர்கிறது ஸார். இரைச்சலை நீக்கும் மென்பொருள் வந்துவிட்டது. பிறகு சுத்தம் செய்துகொள்ளலாம்' என்பது முதல் பதில். பிறகு சுத்தம் செய்ய முடியும். பிறகு சேர்க்க முடியாது. பதிவில் விழாத உயிரெழுத்தை எந்த மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? அது வடிகட்டி இரைச்சலை எடுக்கும்போது, இரைச்சலைப் போலவே இருக்கும் சகரத்தின் சீறலையும் சேர்த்து எடுத்துவிடுவதும் உண்டு. சாதத்தில் கல் பொறுக்குவது வேறு, வேகாத அரிசியை இலையில் வேக வைப்பது வேறு.

'ஏழை மாணவர்களுக்கு உயர்ந்த கருவி வாங்க வசதி ஏது?' என்பது இரண்டாவது பதில். சட்டைக் காலரில் மாட்டும் சிறிய மைக் ஒன்று, மலைக்கு ஏறி இறங்கும் ஜீப் வாடகையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதுவும் இல்லை என்றால், கைப்பேசியைப் பெஞ்சிலிருந்து எடுத்துப் பெரியவரின் நெஞ்சுக்கு அருகே ஒரு துண்டை மடித்து அதன்மேல் வைப்பதற்குக் காசு தேவையில்லை. சிரத்தை தேவை.

'மழையும் கோழியும் டம்ளரும் சேர்ந்ததுதானே ஐயா வாழ்க்கை? அதை வடிகட்டினால் ஜீவன் போய்விடாதா?' என்பது மூன்றாவது பதில். இது என்னைப் போன்ற எழுத்தாளர்கள் சொல்வது. இதற்குத்தான் எனக்கு அதிகமான கோபம். மழை வேண்டுமென்றால் மழையைத் தனியாகப் பத்து நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். மனிதர் பேசுவதை மூழ்கடித்துவிட்டு, அதற்கு ஜீவன் என்று பெயர் வைக்காதீர்கள்.

வெறும் கண்டனத்தோடு நிறுத்தினால் அது ஜம்பம். செய்ய வேண்டியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாணவரும் நானும் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். ஒலியின் சாஸ்திரம் எளிமையானது: தூரம் இரண்டு மடங்கானால், வாயிலிருந்து நேரே வந்து சேரும் ஒலியின் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். மழையோ எங்கும் நிறைந்திருப்பது. அது அப்படியே இருக்கும். ஒரு சாணுக்கும் நாலு சாணுக்கும் இருக்கும் வித்தியாசம் பதினாறு மடங்கு. லட்ச ரூபாய் கருவியும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகரக் கூரையும் வெறும் சிமெண்டுச் சுவரும் எதிரொலிக்கும். நெல் மூட்டையும் பாயும் துணிமணியும் அடைந்த அறை, பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சமானம். மழை வந்தால் நிறுத்திவிடுங்கள். மழையும் நிற்கும், பெரியவரும் எங்கும் போய்விட மாட்டார். காற்றடிக்கும் இடத்தில் மைக்குக்கு ஒரு பஞ்சுக் குல்லாய் போடுங்கள்.

ஒலியின் அளவைத் தொடங்குமுன் பாருங்கள். உரக்கச் சிரித்தாலும் முள் சிவப்பைத் தொடக் கூடாது. உச்சியில் தட்டிச் சிதைந்த ஒலி, சிதைந்ததுதான். கோப்பைச் சுருக்காமல் வேவ் வடிவத்தில் சேமியுங்கள். வாட்ஸப்பில் அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லாதீர்கள். அங்கே குரலைச் சுருக்கி நசுக்கித்தான் அனுப்புவார்கள். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையில்தான் ஓசையைக் கடத்தும். சகரச் சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சலித்த அனுபவம் நம் எல்லாருக்கும் உண்டல்லவா?

பதிவின் தலையில் நாள், இடம், பேசுகிறவர் யார் என்று வாயால் சொல்லிவிடுங்கள். 1902இல் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதைத் தட்டில் பிடித்தபோது, பாட்டின் முடிவில் அந்த அம்மாள் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். ஜெர்மனியில் தட்டு தயாரிக்கிறவர்களுக்கு எது யாருடைய பாட்டு என்று தெரிய வேண்டுமே! நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய அந்த ஒழுங்கு இன்றைய நம் கைப்பேசிகளில் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்று உண்டு: வாயை மூடிக்கொண்டிருப்பது. தலையை ஆட்டுங்கள், கண்ணால் கேளுங்கள், 'ம்' கொட்டாதீர்கள். இருவர் குரல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கருவியும் பிரிக்காது, காதும் பிரிக்காது.

கடைசியாக, எழுதியதைப் பேசியவருக்கே படித்துக் காட்டுங்கள். 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகம் இம்மாகாணத்து மொழிகளின் இசைத்தட்டுப் பதிவுகளுக்குப் பாடங்களை அச்சிட்டுப் புத்தகமாகவே வெளியிட்டது. தட்டு ஒருபுறம், எழுத்து ஒருபுறம். சந்தேகப்பட்டவன் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நாம் எழுத்தைப் பெற்றதும் ஒலியை அழித்துவிடுகிறோம், கைப்பேசியில் இடம் போதவில்லை என்று.

இவ்வளவையும் உபதேசமாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்திருந்தால் நானும் பெஞ்சுக்காரன்தான். மாணவரையும் ஒரு காலர் மைக்கையும் அழைத்துக்கொண்டு குண்டூர் நாட்டுக்குப் போனேன். மழை இல்லாத ஒரு காலை நேரம். பெரியவர் எங்களை உள்ளறையில் பாய் போட்டு உட்கார வைத்தார். பழைய நாற்பது பக்கத்திலிருந்து சாமிகள் வரும் இடங்களை மாணவர் தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார். "சாமய சாமீன்னு எழுதிட்டீங்களா தம்பி? போவுது. சோறு போட்டது அதானே, அதுவும் சாமிதான்" என்றார்.

என் மனத்தில் இருந்த நாவலாசிரியன் எழுந்து உட்கார்ந்துகொண்டான். பார்த்தாயா, பிழையிலும் ஓர் உண்மை இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள் என்று ஆசை காட்டினான். அவனை உட்கார்ந்த இடத்திலேயே அடக்கினேன். பெரியவர் தம் பெருந்தன்மையால் எங்கள் பிழையை அழகாக்கிக் கொடுத்தார். அது அவருடைய குணம். எங்கள் வேலை அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது.

அன்றைக்கு அவர் பேசியதில் சாமியும் இல்லை, நம்பிக்கைத் தளர்ச்சியும் இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு போட்டால் கையில் ரொக்கம் வருகிறது. சாமையைக் குத்திப் புடைக்கிற பாடு பெண்களுடையது. அது குறைகிறது என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ரேஷன் அரிசி வேறு வந்துவிட்டது. அப்படித்தான் சாமை போயிற்று. எந்த வகை எந்த மேட்டில் வரும், எது எத்தனை மாதத்தில் அறுப்புக்கு வரும், விதையை எதில் போட்டு வைப்பது என்றெல்லாம் பிசிறில்லாமல் சொன்னார். முதல் பதிவிலும் இவ்வளவையும் சொல்லித்தான் இருந்தார். அது எங்கள் நாற்பது பக்கத்தில் ஒரு கோயில் புராணமாக மாறியிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கப் பாடுபட்டு வந்திருக்கிறது. விதை பிழைத்து அதன் பெயரும் பக்குவமும் சாமியாகிப் போனால், அந்த விதையை யார், எங்கே, எப்படிப் போடுவது?

மாணவர் தம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். அதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது ஆராய்ச்சி செய்தவர்களுக்குத் தெரியும். புதிய அத்தியாயத்தில் பதினோரு இடங்களில் 'தெளிவில்லை' என்று குறித்திருக்கிறார். அந்தப் பதினொன்றையும் பார்த்த பிறகுதான் மற்றப் பக்கங்களை என்னால் நம்ப முடிந்தது.

புறப்படும்போது, மைக்கைக் காலரிலிருந்து கழற்றிக் கொடுத்தபடி பெரியவர் கேட்டார்: "இந்தவாட்டியாச்சும் நான் சொன்னது சரியா வுழுந்துச்சா தம்பி?"

கைப்பேசியோடு மலையேறும் ஒவ்வொருவரும், இறங்குவதற்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டும்.